மடியில் ஏறும் பிள்ளை

கர்நாடகத்தின் மேல்கோட்டைக் கோயில் உற்சவரின் பெயர் செல்வப்பிள்ளை. டெல்லி சுல்தானின் மகள் பொம்மையாக வைத்து விளையாடிய அந்தத் திருமேனி, ராமானுஜர் பிள்ளையாகப் பாவித்து அழைத்ததும் சலங்கை ஒலிக்க நடந்து வந்து அவர் மடியில் ஏறிக்கொண்டது என்பது ஐதீகம். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மடிதான் எனக்கு நினைவுக்கு வரும். அழைக்கும் விதத்தில் அழைத்தால் இவர்களும் வருவார்கள். டப்பா மூடியை ஓயாமல் சுழற்றும் குழந்தையின் கையிலிருந்து அதைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நீங்களும் ஒரு மூடியைச் சுழற்றுங்கள். சற்று நிறுத்திக் காத்திருங்கள். ஒரு கணம் குழந்தை உங்கள் கையைப் பார்க்கும்; உரையாடல் அங்கே தொடங்குகிறது. பேச்சு, பார்வை, உடல், மனம் எல்லாம் சேர்ந்து வளர்வது விளையாட்டில்தான். ஆட்டிசம் நோயும் அல்ல, தாயின் வளர்ப்புக் குறையும் அல்ல. மைசூரில் 1965-இல் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனத்தில், பிள்ளைகளோடு தாய்மாருக்கும் பயிற்சி தருகிறார்கள். சரியான வழி அதுதான். ஆனால் மேல்கோட்டை போன்ற ஊர்களிலிருந்து பஸ் பிடித்து ஐம்பது கிலோமீட்டர் போய்வரும், கூலி வேலை செய்யும் தாய் எத்தனை நாள் தாங்குவாள்? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்துக்கொண்டது. அந்த உரிமை அங்கன்வாடி வாசல்வரை வர வேண்டும். அங்குள்ள பணியாளருக்கு இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுங்கள். தாய்க்கும் சாய்ந்துகொள்ள ஒரு தோள் கிடைக்கும்.