ரூட்டரைப் பார்க்கும் முன் வீட்டைப் பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடுத்து வாங்க நினைப்பது ஒரு நல்ல ரூட்டர். கம்ப்யூட்டர், மொபைல் போன், டிவி, பிரிண்டர், கண்காணிப்பு கேமரா என அனைத்தையும் ஒரே நெட்வொர்க்கில் இணைக்க விரும்புவது நியாயமே. ஆனால் கடையில் நம் கண் முதலில் போவது ஆன்டெனாக்களின் மீது. நான்கு இருந்தால் நல்லது, ஆறு இருந்தால் இன்னும் நல்லது என்று முடிவு கட்டிவிடுகிறோம். இது தவறான அளவுகோல் என்பதே என் கருத்து. ரூட்டரை அட்டைப் பெட்டியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அது இயங்கப் போகும் வீட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

திருச்சியிலேயே இரண்டு வகை வீடுகளை எடுத்துக் கொள்வோம். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி, உத்தர வீதிகளில் உள்ள பழைய வீடுகள் அகலம் குறைந்தவை, நீளம் மிகுந்தவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையலறை, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக நீளும். இடையிடையே கனமான செங்கல் சுவர்கள். பைபர் இணைப்பு தெருப்பக்கமாக வருவதால் ரூட்டரும் ரேழியிலேயே அமர்ந்துவிடுகிறது. அங்கிருந்து சமையலறைக்கு அலை போக வேண்டுமானால் ஒவ்வொரு சுவரிலும் வலிமை இழந்துதான் போக வேண்டும். வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைவிடச் சுவர்களில் அதிகம் வலுவிழக்கும்.

"அதிக சக்தியுள்ள ரூட்டர் வாங்கினால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது. மத்திய அரசு 2005-ல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை லைசென்ஸ் இன்றிப் பயன்படுத்த அனுமதித்தபோதே ஆற்றலுக்கு உச்சவரம்பும் விதித்தது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. வை-பை என்பது இருவழிப் பேச்சு. கோயில் ஒலிபெருக்கியின் சத்தம் உங்கள் கொல்லை வரை கேட்கும். கொல்லையிலிருந்து நீங்கள் பேசுவது கோயிலுக்குக் கேட்குமா? ரூட்டர் எவ்வளவு உரக்கப் பேசினாலும், உங்கள் போனின் சிறிய ஆன்டெனா அனுப்பும் பதில் திரும்பிப் போய்ச் சேர வேண்டும். போனில் முழுக் கோடுகள் தெரிந்தும் வீடியோ அழைப்பு அறுந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தகைய வீட்டிற்கு நான் சொல்லும் வழி, விலை உயர்ந்த ஒரு ரூட்டர் அல்ல. நடுத்தர விலையில் ஒரு ரூட்டர், பின்கட்டிற்கு ஒரு அக்சஸ் பாயின்ட், இரண்டையும் இணைக்க ஒரு கேட்-6 கேபிள். இந்தக் கேபிள் 100 மீட்டர் வரை கிகாபிட் வேகத்தைக் கொண்டு செல்லும். எந்த வீட்டின் நீளத்திற்கும் இது தாராளம். செம்பு பூசிய அலுமினியக் கேபிளைத் தவிர்த்து, முழுச் செம்புக் கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். சுவரில் துளையிட முடியாதவர்கள் மெஷ் கருவிகளை வாங்கலாம். ஆனால் அவையும் அதே சுவர்களைத்தான் கடக்க வேண்டும். எனவே இரண்டாவது கருவியை சிக்னல் அறவே இல்லாத கடைசி அறையில் வைக்காதீர்கள். முற்றத்தை ஒட்டி, மழை படாத இடத்தில் வையுங்கள். திறந்த முற்றத்தில் அலையைத் தடுக்கச் சுவர் இல்லை.

காவிரிக்கு இந்தப் பக்கம், தில்லை நகர் அடுக்குமாடி வீட்டில் கதை வேறு. வீடு சிறியது, தொல்லை அக்கம்பக்கத்து ரூட்டர்களால் வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. மாடி முழுவதும் அவற்றையே பங்கு போட வேண்டும். இங்கே 5 கிகாஹெர்ட்ஸின் பலவீனமே பலமாகிறது. சேனல்களும் அதிகம், பக்கத்து வீட்டு அலையும் சுவரைத் தாண்டி அதிகம் வராது. இரண்டு அலைவரிசைகளும் உள்ள ஒரே ரூட்டரை வீட்டின் நடுவில் வைத்தால் போதும்.

எந்த வீடானாலும் வாங்கும்போது நான்கு விஷயங்களைக் கேளுங்கள். லேன் போர்ட்கள் கிகாபிட் வேகம் கொண்டவையா? 100 மெகாபிட் போர்ட் என்றால், 300 மெகாபிட் இணைப்பு எடுத்தும் கேபிளில் 100-க்கு மேல் வராது. அக்சஸ் பாயின்ட் மோட் உள்ளதா? நெட் நிறுவனம் தரும் பைபர் பெட்டியே பெரும்பாலும் ஒரு ரூட்டர்தான். அதன் பின்னால் இன்னொன்றையும் ரூட்டராகவே இயக்கினால், முன்னறை பிரிண்டர் பின்னறை லேப்டாப்புக்குத் தெரியாமல் போகலாம். கேமராக்களைத் தனியே பிரித்து வைக்க கெஸ்ட் நெட்வொர்க் உண்டா? நிறுவனம் பாதுகாப்பு அப்டேட்கள் தொடர்ந்து தருகிறதா? அப்டேட் நின்றுபோன ரூட்டர், பூட்டு பழுதான வாசற்கதவு போன்றது.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெற்றோர் மட்டும் வசிக்கும் வீடுகள் ஸ்ரீரங்கத்தில் உண்டு. அங்கே மாலை நேர வீடியோ அழைப்பு ஆடம்பரம் அல்ல. அதற்காக முழங்கால் வலியோடு அம்மா சமையற்கட்டிலிருந்து ரேழிக்கு நடக்க வேண்டியிருந்தால், ஆறு ஆன்டெனா ரூட்டரை ஊரிலிருந்து அனுப்பி என்ன பயன்? அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கேபிளுக்குச் செலவிடுங்கள். கடைக்குக் கிளம்பும் முன் வீட்டின் வரைபடத்தை ஒரு தாளில் வரைந்து, சுவர்களை எண்ணிக் கொள்ளுங்கள். உங்களுக்கு எந்த ரூட்டர் வேண்டும் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.