காணாக்கடியும் ஜலதோஷ மாத்திரையும்

"காணாக்கடி" என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கடித்தது எதுவென்று தெரியாது. உடம்பெல்லாம் தடிதடியாக வீங்கி, அரிப்புத் தாங்காது. இது மனிதருக்கு மட்டும் வருவதல்ல, சகோதரிகளே! குளவியை முகர்ந்து பார்க்கப் போன நாய்க்கும் வரும். மூஞ்சி வீங்கிக் கண்ணே மூடிவிடும். பூனைக்கும் வரும், கறவை மாட்டுக்கும் வரும்.

ஒவ்வாத பொருள் உள்ளே நுழைந்ததும் உடம்பு ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டிவிடுகிறது. அதைத் தடுக்கும் மருந்துக்கு 1937-ல் பாரிஸில் வழிகாட்டியவர் டேனியல் போவே. 1957-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த வம்சத்து மருந்துகளைத்தான் கால்நடை டாக்டர்களும் கொடுக்கிறார்கள்.

"அப்படியானால் நம் வீட்டு ஜலதோஷ மாத்திரையில் பாதியைப் பாலில் கரைத்து ஊற்றினால் போதாதா?" என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து! அம்மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலும் கலந்திருக்கும். நமக்கு ஜுரம் தணிக்கும் அது பூனைக்கு விஷம். பூனையின் ஈரலுக்கு அதை முறிக்கும் சக்தி போதாது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல், ஈறு பழுப்பேறி, ஒரே மாத்திரையில் உயிர் போகலாம். மூக்கடைப்புக்காகச் சேர்க்கும் சூடோஎபெட்ரின் நாய்க்கு ஆகாது, இருதயம் படபடத்துவிடும்.

பசுவின் சங்கதி வேறு. சேலம், நாமக்கல் பக்கம் ஜெர்ஸி கலப்புப் பசுக்கள் வளர்ப்பவர்கள் இதைக் கவனியுங்கள். ஜெர்ஸி இனத்தில் சில பசுக்களுக்குத் தம் சொந்தப் பாலே ஒவ்வாது! கறக்காமல் விட்டால், மடியில் தேங்கிய பாலின் புரதம் ரத்தத்தில் கலந்து தடிப்பை உண்டாக்கும். அதற்கு முதல் வைத்தியம், மடியைக் கறந்துவிடுவதுதான். பசுவுக்கு ஊசி போட்டால், எத்தனை நாள் கழித்துப் பாலை வீட்டுக்கு எடுக்கலாம் என்று டாக்டரைக் கேளுங்கள்.

எந்தப் பிராணியானாலும் மூச்சுத் திணறல், தள்ளாட்டம் கண்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள். அப்போது முதலில் வேண்டியது அட்ரினலின் ஊசி; மாத்திரை அல்ல. நாமக்கல்லில் 1985-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாட்டை அழைத்துப் போக முடியாதவர்கள் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்து, நடமாடும் கால்நடை வைத்திய வண்டியைக் கேட்கலாம்.

எதைத் தின்றது, எப்போது வீங்கியது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அவசரத்தில் ஏதாவது மாத்திரை கொடுத்திருந்தால் அதன் அட்டையையும் மறைக்காமல் காட்டுங்கள். வாயில்லாப் பிராணிக்காகப் பேச வேண்டியவர் நீங்கள்தானே!