ரவுட்டரைக் கவிழ்த்துப் பாருங்கள்

பொத்தேரியில் எஸ்ஆர்எம் வளாகத்தைச் சுற்றியுள்ள அடுக்குமாடிகளில் மூன்று பேர், நான்கு பேராகச் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் மாணவர்கள் ஏராளம். வீட்டுக்கு ஒரு ஃபைபர் இணைப்பு. அதை நம்பி லேப்டாப், போன், டிவி என்று பத்துப் பன்னிரண்டு கருவிகள். ராத்திரி பத்து மணிக்கு ஒருவர் புராஜெக்ட் வீடியோவை டிரைவில் ஏற்றிக்கொண்டிருப்பார். இன்னொருவர் ஊரிலிருக்கும் அம்மாவுடன் வீடியோ காலில் இருப்பார். மூன்றாமவர் கேம் ஆடுவார். அந்த ஒரு ஃபைல் ஏறி முடிகிற வரைக்கும் அம்மாவின் முகம் உறைந்து உறைந்து வரும், கேம் இழுத்துக்கொண்டு நிற்கும். வேகம் போதவில்லை என்று அடுத்த மாதம் பிளானை உயர்த்துவார்கள். அப்போதும் இதே கதைதான்.

பெரும்பாலும் கோளாறு இருப்பது ரவுட்டரில். வெளியே போக வேண்டிய டேட்டா பொட்டலங்களை அது ஒரே வரிசையில் அடுக்கி, கொள்ளும் மட்டும் நினைவகத்தில் தேக்கி வைக்கிறது. பரனூர் டோல்கேட்டில் ஒரே ஒரு லேன் மட்டும் திறந்திருந்து, நூறு லாரிகளுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டால் எப்படியோ அப்படி. இந்தத் தேக்கத்துக்கு 2010-இல் ‘பஃபர்புளோட்’ என்று பெயர் வைத்தவர் ஜிம் கெட்டிஸ். 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் ‘கோடெல்’ என்ற தீர்வை வெளியிட்டார்கள். அதன் மேல் எழுந்த ‘எஃப்க்யூ-கோடெல்’, ‘கேக்’ ஆகிய முறைகள் ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை கொடுத்து, எதிலும் அதிகம் தேங்காமல் பார்த்துக்கொள்கின்றன. இதை வீட்டு ரவுட்டர்களில் ஓட்டிக் காட்டக் கடைசிவரை பாடுபட்ட டேவ் டாட் 2025-இல் காலமானார். அவரது சோதனைக்களமாக இருந்தது ஓப்பன் டபிள்யூஆர்டி. ரவுட்டரில் கம்பெனி போட்டுத்தரும் ஃபர்ம்வேரை எடுத்துவிட்டு நாமே ஏற்றிக்கொள்ளக்கூடிய, லினக்ஸ் அடிப்படையிலான இலவச மென்பொருள் அது.

இந்த வசதியைப் பெறத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் கடையில் பெட்டியை எடுக்கும்போதே கண் வைத்து எடுக்க வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவுக்கு ரயிலேறிப் போனாலும், தாம்பரத்திலேயே வாங்கினாலும், கடைக்காரர் முதலில் எண்ணிக் காட்டுவது ஆன்டெனாக்களை. அடுத்து, பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எம்பிபிஎஸ் கணக்கு. இரண்டையும் விட்டுவிட்டு ரவுட்டரைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்க வேண்டும். மாடல் பெயருக்குப் பக்கத்தில் ‘வெர்ஷன்’ என்று பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். டிபி-லிங்கின் ஆர்ச்சர் சி6-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் இரண்டாம் வெர்ஷனில் குவால்காம் சிப். மூன்றாம் வெர்ஷனில் மீடியாடெக் சிப், 16 எம்பி ஃபிளாஷ். பெயர் ஒன்றேயானாலும் உள்ளே வேறு வேறு கருவி, வேறு வேறு ஃபர்ம்வேர். ஒன்றுக்கானதை மற்றொன்றில் ஏற்ற முடியாது. ஓப்பன் டபிள்யூஆர்டியின் கருவிப் பட்டியலில் மாடலோடு வெர்ஷனையும் சேர்த்துத் தேடிப் பார்த்த பிறகே காசைக் கொடுக்க வேண்டும். பிராட்காம் வைஃபை சிப் உள்ளவற்றை ஒதுக்கிவிடலாம்; அவற்றுக்குத் திறந்த டிரைவர் கிடைப்பது அரிது. 4 எம்பி ஃபிளாஷும் 32 எம்பி ராமும் கொண்ட பழைய மலிவுப் பெட்டிகளை யாராவது சும்மா கொடுத்தாலும் இந்த வேலைக்கு உதவாது. 8-க்கு 64 என்பதே இன்று இழுபறி. 16-க்கு 128 இருந்தால் நிம்மதி.

இந்தச் சுதந்திரம் கம்பெனிகள் மனமுவந்து கொடுத்ததல்ல. 2002 கடைசியில் லிங்க்ஸிஸ் ‘டபிள்யூஆர்டி54ஜி’ என்ற நீலக் கறுப்பு ரவுட்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உள்ளே ஓடுவது லினக்ஸ் என்பது 2003-இல் வெளியே தெரிந்தது. லினக்ஸை வைத்துப் பொருள் விற்பவர் மூலநிரலையும் தர வேண்டும் என்பது ஜிபிஎல் உரிமத்தின் நிபந்தனை. வற்புறுத்தல் வலுத்ததும் நிரல் வெளியானது. 2004-இல் அதை அடித்தளமாக வைத்துத் தொடங்கியதுதான் ஓப்பன் டபிள்யூஆர்டி. பெயரிலேயே அந்த ரவுட்டர் இருக்கிறது. அடுத்த ஆண்டே ஐந்தாம் வெர்ஷனில் லினக்ஸை நீக்கி, நினைவகத்தையும் பாதியாக வெட்டியது கம்பெனி. லினக்ஸோடு வேண்டும் என்றவர்களுக்கு ‘ஜிஎல்’ என்று தனி மாடல் வந்தது. வெர்ஷன் எண்ணைப் பார்க்கும் பழக்கம் அப்போதிருந்தே தேவைப்பட்டிருக்கிறது.

அந்த நீலப் பெட்டி இந்தியாவிலும் உழைத்தது. வெளியிடங்களில் வைஃபை பயன்படுத்த 2005 தொடக்கத்தில் விதி தளர்ந்ததும், தரம்சாலாவில் திபெத்திய அமைப்புகளின் வளாகங்களை இணைக்கும் கம்பியில்லா வலை அதே பிப்ரவரியில் உயிர்பெற்றது. மாற்று ஃபர்ம்வேர் ஏற்றிய லிங்க்ஸிஸ் ரவுட்டர்களே அதன் கணுக்கள். பின்னாளில் ஏர்ஜால்டி என்று வளர்ந்தது இந்த முயற்சிதான்.

ஆனால் தமிழ்நாட்டில் இதைவிட அருமையான ஒன்று நடந்தது, தேனியில். அரவிந்த் கண் மருத்துவமனை கிராமப்புறங்களில் பார்வை மையங்களைத் திறந்தபோது, நோயாளி அங்கேயே உட்கார்ந்து தேனியிலிருக்கும் டாக்டரிடம் வீடியோவில் கண்ணைக் காட்ட வேண்டியிருந்தது. நல்ல இணையம் எட்டாத ஊர்கள். பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையிலான குழு, கடையில் கிடைக்கும் வைஃபை கார்டுகளையும் சிறு லினக்ஸ் போர்டுகளையும் வைத்து, பதினைந்து கிலோமீட்டர் வரை நீளும் இணைப்புகளைக் கோபுரத்துக்குக் கோபுரம் போட்டது. சாதாரண வைஃபை இவ்வளவு தூரம் தாங்காது. அனுப்பிய பொட்டலத்துக்குச் சில பத்து மைக்ரோ நொடிகளுக்குள் ‘வந்து சேர்ந்தது’ என்று பதில் வராவிட்டால், தொலைந்துவிட்டதென்று முடிவுகட்டி மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும். பதினைந்து கிலோமீட்டர் போய்த் திரும்ப ஒளிக்கே நூறு மைக்ரோ நொடி ஆகிறது! அந்தப் பதில் முறையையே மென்பொருளில் எடுத்துவிட்டு, இரு முனைகளும் நேரம் பங்கிட்டு முறைவைத்துப் பேசும்படி மாற்றினார்கள். சாதாரண முறையைப் போல இரண்டு முதல் ஐந்து மடங்கு டேட்டா போனது. 2007-இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளிவந்தது. கார்டு அதே கார்டுதான். உள்ளே ஓடும் நிரலைத் தொட அனுமதி இருந்ததால் தேனி மாவட்டத்தில் கண்கள் பிழைத்தன.

அந்தக் குழுவைப் படாதபாடு படுத்தியது ரேடியோ அலை அல்ல, கரண்ட். வோல்டேஜ் ஏறி இறங்கி மெமரி கார்டுகள் கெட்டன. ரவுட்டர்கள் பாதி உயிரோடு நின்றன. வீட்டில் ஃபர்ம்வேர் மாற்றுகிறவருக்கும் கரண்ட்தான் எதிரி; ஆபத்தான நேரம், எழுதி முடிக்கும் அந்தச் சில நிமிடங்கள். ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிட்டு ஆரம்பிப்பது உத்தமம். பாதியில் நின்றாலும் பல மாடல்களில் ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்து மீட்க வழியுண்டு. அந்த வழி இருக்கிறதா என்பதையும் வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். 2024-இல் ஓப்பன் டபிள்யூஆர்டி தன் பெயரிலேயே ‘ஒன்’ என்று ஒரு ரவுட்டரை வெளியிட்டது. அதில் மீட்புக்கென்றே தனியாக இரண்டாவது ஃபிளாஷ் வைத்திருக்கிறார்கள். வெளியானபோது விலை 89 டாலர்.

ரேடியோ பக்கம் ஒரு பொறுப்பு உண்டு. ரவுட்டரின் வைஃபை அமைப்பில் நாட்டை ‘இந்தியா’ என்றே வைக்க வேண்டும். 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை மத்திய அரசு உரிமம் தேவையில்லாமல் திறந்துவிட்டிருக்கிறது. வீட்டுக்கு அது தாராளம். வேறு நாட்டைப் போட்டுப் பவரை ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை.

ஃபைபர்காரர் கொடுத்த பெட்டி அவருடைய சொத்து. அதில் கை வைக்காமல், அதன் லேன் போர்ட்டிலிருந்து புது ரவுட்டரின் வேன் போர்ட்டுக்கு ஒரு கேபிள் போட்டால் போதும். ஓப்பன் டபிள்யூஆர்டி ஏறியதும் வைஃபை பொதுவாக அணைந்தே இருக்கும். பயந்துவிட வேண்டாம்; லேப்டாப்பைக் கேபிளில் இணைத்து 192.168.1.1 என்ற முகவரியைத் திறந்து, முதல் வேலையாகப் பாஸ்வேர்டு வைக்க வேண்டும். ஃபைபர் பெட்டியும் பெரும்பாலும் இதே முகவரியில்தான் உட்கார்ந்திருக்கும். அப்போது இரண்டும் முட்டிக்கொண்டு இணையம் வராது. புது ரவுட்டரை 192.168.5.1 என்று மாற்றினால் சரியாகிவிடும். பிறகு வரிசைகளை ஒழுங்குபடுத்தும் ‘எஸ்க்யூஎம்’ தொகுப்பை நிறுவி, அளந்து பார்த்த வேகத்தில் தொண்ணூறு சதவீதத்தை ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் எழுதி, ‘கேக்’கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நூறு எம்பிபிஎஸ் இணைப்புக்கு ஆர்ச்சர் சி6 மூன்றாம் வெர்ஷனின் செயலி ஈடுகொடுக்கும். 500, 1000 என்று போகிறவர்கள் இன்னும் பெரிய செயலியாகப் பார்த்து வாங்க வேண்டும்.