278 ஃபெயில், 175 பாஸ்

ஆபீஸ்ல ஆணி அதிகம்கிறதால இந்தப் பக்கம் வந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. இன்னைக்கும் வந்திருக்க மாட்டேன். நம்ம பதிவுலக நண்பர் ஒருத்தர், பத்தாங்கிளாஸ்ல 35 மார்க் கூட எடுக்க முடியாதவன் படிச்சு என்ன கிழிக்கப் போறான், பாஸ் மார்க்கை 50 ஆக்கணும்னு பொங்கியிருந்தார். பின்னூட்டத்துல வரிசையா "ரிப்பீட்டேய்". பார்த்ததுல இருந்து மனசு ஆறலை. பின்னூட்டமா போட்டா அவர் பதிவை விட நீளமாயிடும், அதான் தனிப்பதிவு.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி. எனக்கு ஊர் ஏற்காடு. ஏற்காடுன்னா உங்களுக்கெல்லாம் ஏரி, படகு, மே மாசக் கோடை விழா, மலர்க் கண்காட்சி. எனக்கு அது அப்பா ரைட்டரா வேலை பார்த்த காபி எஸ்டேட். ஊர்ல எங்க எதிர்வீட்டு அக்கா கூலிக்குப் பழம் பறிக்கப் போறவங்க. மலையாளி பழங்குடி. (கேரளாக்காரங்கன்னு நினைச்சுக்காதீங்க, சேர்வராயன் மலைக்கே சொந்தக்காரங்க அவங்கதான். ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கான தனித்தொகுதி.) ஊர்ல டூரிஸ்ட் கூட்டம் அலைமோதுற அதே மே மாசத்துலதான் பத்தாங்கிளாஸ் ரிசல்ட்டும் வரும். அப்படி ஒரு ரிசல்ட் அன்னைக்கு அந்த அக்கா போன் பண்ணாங்க.

"தம்பி, பாப்பா ஃபெயிலாயிருச்சுன்னு சொல்றாங்கப்பா. நீ கொஞ்சம் கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லு சாமி."

பார்த்தேன். தமிழ் 71, ஆங்கிலம் 44, கணக்கு 29, அறிவியல் 58, சமூக அறிவியல் 76. மொத்தம் 278. ஃபெயில்.

இப்ப இன்னொரு பையன் அஞ்சு பாடத்துலயும் கரெக்டா 35 எடுத்தான்னு வைங்க. மொத்தம் 175. அவன் பாஸ். அவனை நான் குறை சொல்லலை, நல்லா இருக்கட்டும். ஆனா இவளை விட 103 மார்க் கம்மியா எடுத்தவன் பாஸு, இவ ஃபெயிலுன்னு சொல்ற கணக்கு எந்த ஊர்க் கணக்குங்க? கணக்குல ஃபெயிலானது அவளா, இந்த விதியா?

நம்ம தொழில்லயே பாருங்க. பக் இல்லாத சாஃப்ட்வேரை இதுவரைக்கும் யாராவது ரிலீஸ் பண்ணியிருக்கோமா? தெரிஞ்ச குறைகள்னு ஒரு பட்டியல் போட்டு, கூடவே ரிலீஸ் பண்ணிடறோம். அஞ்சு மாட்யூல்ல நாலு ஒழுங்கா ஓடுது, ஒண்ணு தகராறுன்னா மொத்தத்தையும் குப்பையில போடறோமா? பதினஞ்சு வயசுப் பொண்ணுக்கு மட்டும் அதைச் செய்யறோம்.

35ன்னா அது என்ன வானத்துல இருந்து விழுந்த எண்ணா? சி.பி.எஸ்.இ.ல 33. கேரளா எஸ்.எஸ்.எல்.சி.ல 30 எடுத்தா டி பிளஸ், பாஸ். ஐ.சி.எஸ்.இ.ல 33. அதை விட முக்கியம், அங்க இங்கிலீஷையும் சேர்த்து அஞ்சு பாடம் பாஸ் பண்ணினா போதும். ஆறு பாடம் எழுதுற பையன் கணக்குல கோட்டை விட்டாலும் மத்த அஞ்சை வச்சு பாஸ் சர்டிபிகேட் வாங்கலாம். சி.பி.எஸ்.இ.லயும் ஆறாவதா ஒரு திறன் பாடம் எடுத்திருந்தா, ஃபெயிலான கணக்குக்குப் பதிலா அதை வச்சுக்கலாம். நாம மட்டும் அஞ்சுக்கு அஞ்சு, மாற்றுக்கு வழியே இல்லை.

எங்க மலையில 1917ல ஆரம்பிச்ச மான்ட்ஃபோர்ட் மாதிரி நூறு வருஷம் தாண்டின ஸ்கூலும் இருக்கு, காபித் தோட்டத்துக்கு நடுவுல அரசுப் பழங்குடியினர் நலப் பள்ளியும் இருக்கு. லட்சக்கணக்குல ஃபீஸ் கட்டி மத்த போர்டுல படிக்கிற பிள்ளைக்கு ஒரு பாடத்துல சறுக்கினா தாங்கிப் பிடிக்க விதியிலயே இடம் இருக்கு. கூலிக்காரர் பிள்ளைக்கு இல்லை. நண்பர் "தரம்"னு சொல்றது இதைத்தானா?

சரி, அந்த 35 கணக்கு அறிவைத்தான் அளக்குதா? அதுவும் இல்லை. வினாத்தாள்ல ஒரு மார்க் 14, வரைபடம் 8, செய்முறை வடிவியல் 8. மொத்தம் 30. அப்புறம் ரெண்டு மார்க் கேள்வி மூணு போட்டா 36. இதுதான் ஊரெல்லாம் ஓடுற "மினிமம் மெட்டீரியல்" ஃபார்முலா. புக் பேக்கை மனப்பாடம் பண்ணு, கிராஃப் போடப் பழகு, பாஸ். யாராவது உட்கார்ந்து பழக்கிவிட்டவன் 36, பழக்கிவிட ஆள் இல்லாதவ 29. பாஸ் மார்க்கை 50 ஆக்கினா மெட்டீரியல்ல நாலு பக்கம் கூடும், அவ்வளவுதான்.

எங்க மலையில பழக்கிவிட ஆள் ஏன் இல்லைன்னு கேட்பீங்க. அரையாண்டு, ரிவிஷன்னு டெஸ்ட் நடக்கிற டிசம்பர், ஜனவரிதான் காபிப் பழம் பறிக்கிற சீசன். லீவு நாள்ல பொண்ணும் கூடை எடுத்துக்கிட்டுப் போயாகணும். ட்யூஷன் வேணும்னா 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போகணும். என்னை எங்கப்பா அனுப்பினார். அந்த அக்காவால முடியலை. எனக்கும் அந்தப் பொண்ணுக்கும் வித்தியாசம் மூளையில இல்லைங்க, பஸ் காசுல.

துணைத்தேர்வு இருக்கே, ஃபெயிலான ஒரு பாடத்தை மட்டும் எழுதினா போதுமேன்னு சொல்வீங்க. இருக்கு, இல்லைங்கலை. ஆனா பத்து வருஷத்துல வராத கணக்கு ரிசல்ட்டுக்கு அப்புறம் சில வாரத்துல எப்படி வரும்? வரலைன்னா என்னென்ன கதவு சாத்துதுன்னு பாருங்க. பிளஸ் ஒன் இல்லை. பாலிடெக்னிக் இல்லை. ஐ.டி.ஐ.ல ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் இல்லை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுத முடியாது. பாஸ்போர்ட் எடுத்தா கூட இ.சி.ஆர். முத்திரை விழும், வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போக குடியேற்ற அனுமதி வாங்கணும். ஆறு மார்க்குக்கு இத்தனை தண்டனை.

இப்ப நம்ம யோக்கியதைக்கு வருவோம். நான் இன்ஜினியரிங்ல மூணு அரியர் வச்சவன். முதல் செமஸ்டர் கணக்குல விழுந்து, மூணாவது அட்டெம்ப்ட்ல எழுந்தவன். அதுக்காக என்னை ரெண்டாவது வருஷம் போகக்கூடாதுன்னு வீட்டுக்கு அனுப்பினாங்களா? அரியரைத் தூக்கிக்கிட்டே போனேன், கிளியர் பண்ணேன், இன்னைக்கு பெங்களூர்ல பொட்டி தட்டுறேன். "ரிப்பீட்டேய்" போட்ட கனவான்கள்ல எத்தனை பேர் அரியர் வச்சவங்கன்னு நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க பார்ப்போம் :-) இருபது வயசுக்காரனுக்குக் கொடுக்கிற அவகாசத்தைப் பதினஞ்சு வயசுப் பிள்ளைக்குக் கொடுத்தா மட்டும் தரம் கெட்டுப் போயிடுமா?

எல்லாரையும் சும்மா பாஸ் போடச் சொல்றியான்னு கேட்டா, இல்லை. கொரோனாவால 2020லயும் 2021லயும் பத்தாங்கிளாஸ் ஆல் பாஸ். 2020ல மட்டும் ஒன்பது லட்சத்துக்கும் மேல. வானம் இடிஞ்சு விழலை. ஆனா நான் கேட்கிறது அது கூட இல்லை. பரீட்சை இருக்கட்டும். கணக்கு 29னா 29ன்னே அச்சடிங்க, ஒளிக்க வேண்டாம். நாலு பாடம் தேறினவளுக்கு பள்ளிப்படிப்பு முடிச்சான்னு சர்டிபிகேட் கொடுங்க. கணக்கு தேவைப்படாத குரூப்புல, தொழிற்கல்வியில சேரவிடுங்க. கணக்கை எப்ப வேணா எழுதி அந்த 29ஐ மாத்திக்கட்டும்.

அமெரிக்காவுல ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் இருக்கிற மாசசூசெட்ஸ் மாநிலத்துல, மாநிலத் தேர்வுல தேறினாத்தான் ஹைஸ்கூல் டிப்ளமோன்னு ஒரு விதி இருந்துச்சு. 2024 நவம்பர்ல மக்களே ஓட்டுப் போட்டு அதைத் தூக்கிட்டாங்க. தேர்வு இன்னும் நடக்குது. பூட்டு மட்டும் போச்சு.

கடைசியா, அந்தப் பொண்ணு துணைத்தேர்வு எழுதினா. 33.

கேரளாவுல பாஸ். சி.பி.எஸ்.இ.ல பாஸ். நான் உட்கார்ந்து இதை டைப் பண்ணிக்கிட்டு இருக்கிற கர்நாடகாவுல, 2025-26 கல்வியாண்டுல இருந்து வந்த விதிப்படியும் அவ பாஸ். ஏற்காட்டுல ஃபெயில். இப்ப அம்மா கூட எஸ்டேட்டுக்குப் போறா. சமூக அறிவியல்ல 76 எடுத்த பொண்ணுங்க.

பாஸ் மார்க்கை 50 ஆக்கணும்னு சொல்ற நண்பரே, அடுத்த சீசனுக்கு எங்க ஊருக்கு வாங்க. ஏரியில படகு விட்டுட்டு, காபி குடிக்கும்போது அந்தப் பழத்தைப் பறிச்சது யாருன்னு ஒரு நிமிஷம் யோசிங்க.

டிஸ்கி: அந்த அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதினேன். "எழுது தம்பி, யாராச்சும் படிச்சா சரி"ன்னாங்க. திட்டணும்னா என்னைத் திட்டுங்க, பொட்டி திறந்தே இருக்கு. அனானிகளுக்கும் அனுமதி உண்டு.