பட்டவளைக் கேட்காத மன்னிப்பு

பாவத்தை அறிக்கையிடு, மன்னிப்புப் பெறுவாய் என்கிறது கிறிஸ்தவம். அந்தப் போதனையோடு எனக்குச் சண்டை இல்லை. தான் செய்த தீங்கைத் தன் வாயால் சொல்வது எளிய காரியம் அல்ல. அதைச் செய்யச் சொல்லும் எந்தச் சமயத்தையும் நான் மதிப்பேன். என் சண்டையெல்லாம் நம் கோயில்களிலும் சபைகளிலும் அந்தப் போதனை பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும் விதத்தோடுதான். அறிக்கையிடும் வேலை பெண்ணுக்கு. மன்னிக்கும் வேலையும் பெண்ணுக்கு. மன்னிக்கப்பட்டுவிட்ட நிம்மதி மட்டும் ஆணுக்கு.

என் அம்மா வழியினர் கத்தோலிக்கர்கள், அப்பா வழியினர் சி.எஸ்.ஐ. அங்கே பாவசங்கீர்த்தனம், இங்கே பாவ அறிக்கை. வழிபாட்டில் எவ்வளவோ வேறுபாடு. ஆனால் அடிபட்ட பெண் ஒருத்தி ஆலோசனை கேட்டுப் போனால் பங்குத்தந்தையும் போதகரும் அச்சுப் பிசகாமல் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். என் உறவுக்காரப் பெண்கள் கேட்டிருக்கிறார்கள், என் மாணவிகளின் அம்மாக்கள் கேட்டிருக்கிறார்கள்: “அவர் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டார்மா. ஆண்டவரே மன்னித்த பிறகு நீ மன்னிக்காமல் இருக்கலாமா?”

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். அவர்கள் கையில் வைத்திருக்கும் வேதத்தைக் கொண்டே எதிர்க்கிறேன்.

தாவீதிலிருந்து தொடங்கலாம். மனந்திரும்புதலுக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுவது 51ஆம் சங்கீதம். தபசு காலத்தில் அது ஒலிக்காத கோயில் இல்லை. பத்சேபாளிடம் போன பிறகு, நாத்தான் தீர்க்கதரிசி வந்து இடித்துரைத்தபோது தாவீது பாடியது என்று அதன் தலைப்பே சொல்கிறது. அதில் தாவீது கடவுளைப் பார்த்து, தான் அவர் ஒருவருக்கு எதிராகத்தான் பாவம் செய்ததாகச் சொல்கிறான். கடவுள் ஒருவருக்குத்தானா? ஆளனுப்பி அரண்மனைக்கு வரவழைக்கப்பட்ட பத்சேபாள் யார்? போர்முனையில் திட்டமிட்டுச் சாகடிக்கப்பட்ட அவள் கணவன் உரியா யார்? இரண்டாம் சாமுவேல் 11ஆம் அதிகாரத்தில் அவள் தரப்பிலிருந்து வருவது, தான் கருவுற்றிருக்கிறேன் என்று சொல்லியனுப்பிய செய்தி ஒன்றுதான். அடுத்த அதிகாரத்தில் தாவீது பாவத்தை ஒப்புக்கொள்கிறான், மன்னிப்பு அறிவிக்கப்படுகிறது, கூடவே தண்டனையும் வருகிறது: குழந்தை சாகும். யார் குழந்தை? சுமந்து பெற்றவள் அவள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அரசனும் கடவுளும் தீர்க்கதரிசியும் பேசி முடித்த கணக்கு அது. நம் பங்குத்தந்தையும் போதகரும் சொல்லும் வாக்கியம் அந்த அரண்மனையிலிருந்துதான் வருகிறது.

ஆனால் வேதத்துக்கு ஒரே குரல் கிடையாது. எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆணோ பெண்ணோ, பிறருக்குத் தீங்கிழைத்தவர் தன் பாவத்தை அறிக்கையிட வேண்டும். இழப்பை முழுதாக ஈடுகட்டி, அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து, யாருக்குத் தீங்கு செய்தாரோ அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். அறிக்கையும் ஈடும் ஒரே சட்டத்தில் வருகின்றன. எவ்வளவு தெளிவு!

அதே அதிகாரத்தில் சற்றுத் தள்ளி இன்னொரு சட்டம் இருக்கிறது. மனைவிமேல் சந்தேகம் வந்த கணவன் அவளை ஆசாரியனிடம் கூட்டி வரலாம். சாட்சி தேவையில்லை, சந்தேகம் போதும். கூடாரத் தரையின் புழுதி கலந்த, சாப எழுத்துகளைக் கழுவி ஊற்றிய கசப்பு நீரை அவள் குடிக்க வேண்டும். அந்தச் சடங்கில் அவளுக்கு உரிய பேச்சு ‘ஆமென், ஆமென்’ மட்டுமே. சந்தேகப்பட்ட கணவன்மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று அதிகாரம் முடிகிறது. கசப்பு நீர்ச் சடங்கு எப்போதோ வழக்கொழிந்துவிட்டது. அந்த ‘ஆமென்’ மட்டும் நம்மிடம் இன்றும் எதிர்பார்க்கப்படுகிறது.

இயேசு ஏழெழுபது முறை மன்னிக்கச் சொன்னாரே என்பார்கள். சொன்னார். மத்தேயு 18ஆம் அதிகாரத்தில், பேதுரு கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார். அதற்குச் சில வசனங்களுக்கு முன்னால் அவர் சொன்னதைப் பிரசங்க மேடை ஏன் விழுங்கிவிடுகிறது? ஒருவன் உனக்குத் தீங்கு செய்தால் அவனிடமே போய்க் குற்றத்தைச் சொல். கேட்காவிட்டால் ஓரிரு சாட்சிகளோடு போ. அதற்கும் மசியாவிட்டால் சபைக்கு அறிவி. சபைக்கும் செவிகொடாதவனை வெளியாளாக வைத்துக்கொள். பொத்தி வைக்கச் சொல்லவில்லை, குடும்ப மானம் என்று சொல்லவில்லை. லூக்கா 17இல் இன்னும் வெளிப்படை: கடிந்துகொள், அவன் மனம் வருந்தினால் மன்னி. அந்த ‘வருந்தினால்’ என்ற சொல்லை அழித்துவிட்டுத்தான் பெண்களுக்கு வேதம் வாசிக்கப்படுகிறது.

சிலுவையில் தொங்கியபடி, மனம் வருந்தாதவர்களுக்காகவும் வேண்டிக்கொண்டாரே என்று அடுத்த கேள்வி வரும். வேண்டிக்கொண்டார். தன் உடம்பில் இறங்கிய ஆணிகளைப் பற்றித் தானே பேசினார். மன்னியுங்கள் என்று அவரை யாரும் வற்புறுத்தவில்லை. பக்கத்தில் நின்ற தாயிடம், நீங்களும் இவர்களை மன்னித்துவிடுங்கள் என்று அவரும் சொல்லவில்லை. அந்தப் படைவீரர்களோடு அன்றிரவு ஒரே கூரையின்கீழ்ப் படுத்துறங்க வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. நம் பெண்களுக்கு இருக்கிறது.

திருச்சபையின் சட்டமும் பங்குத்தந்தையின் வாக்கியத்துக்கு எதிராகவே நிற்கிறது. 1551இல் திரெந்துப் பொதுச்சங்கம் பாவ மன்னிப்பு பெறுவோர் செய்ய வேண்டியவை மூன்று என்றது: மனம் நொந்து வருந்துவது, வாய்விட்டுச் சொல்வது, பரிகாரம் செய்வது. 1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 1459ஆம் பத்தியில், திருடியதைத் திருப்பிக் கொடு, அவதூறால் கெடுத்த பெயரை மீட்டுக் கொடு, காயத்துக்கு ஈடு செய் என்கிறது. எரிகோவின் சகேயுவை நினைத்துக்கொள்ளுங்கள். அநியாயமாக வாங்கியிருந்தால் நான்கு மடங்கு திருப்பித் தருகிறேன் என்று அவன் சொன்ன பிறகுதான், இன்று இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்று இயேசு அறிவிக்கிறார். அடித்த கணவனிடம் எந்தப் பங்குத்தந்தை நான்கு மடங்கு கேட்டார்? நகையை மீட்டுக் கொடு, வீட்டை அவள் பெயருக்கு எழுது, உன்னால் நின்றுபோன படிப்பைத் தொடரப் பணம் கட்டு என்று எந்தப் போதகர் நிபந்தனை போட்டார்?

அறிக்கையிடும் இடத்திலும் அதிகாரம் இருக்கிறது. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம், விவரமறிந்த வயதை எட்டிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்தே ஆக வேண்டும் என்று விதித்தது. கேட்டு மன்னிப்பு வழங்குபவர் ஆண் மட்டுமே, இன்றுவரை அப்படித்தான். அந்த இடத்தில் பெண்ணுக்கு என்ன நேரலாம் என்று திருச்சபைக்குத் தெரியாமல் இல்லை. பாவசங்கீர்த்தனத்தைச் சாக்காக வைத்துப் பாலியல் இச்சைக்கு அழைக்கும் குருக்களைத் தண்டிக்க 1741இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் தனி ஆணையே பிறப்பித்தார்.

2018இல் கேரளத்தில், மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபைப் பாதிரியார்கள் சிலர்மேல், ஒரு பெண் அறிக்கையிட்டதை வைத்தே அவளை மிரட்டிப் பாலியல் வன்முறை செய்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. பாவசங்கீர்த்தனத்தையே தடைசெய்யலாம் என்று தேசிய மகளிர் ஆணையம் பரிந்துரைத்தது. மத நம்பிக்கையில் தலையிடுவதா என்று ஆயர்கள் கொதித்தார்கள். அரசு தடைபோடுவதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்தக் கொதிப்பில் பாதியாவது அந்தப் பெண்ணுக்காக எழுந்ததா? தடை வேண்டுமா வேண்டாமா என்ற கூச்சலில் அவள் காணாமல் போனாள். பத்சேபாள் போலவே.

இனி, பெண்கள் எதை அறிக்கையிடுகிறார்கள் என்று பார்ப்போம். புதுநன்மை வாங்கும் வயதிலேயே ஆத்தும சோதனை பழக்கப்படுகிறது. கீழ்ப்படியவில்லை, கோபப்பட்டேன், எதிர்த்துப் பேசினேன். வளர்ந்த பிறகும் அதே பட்டியல்தான், ஆள் மட்டும் மாறுகிறார்: அப்பாவின் இடத்தில் கணவர். அடி வாங்கியவள் தன் கோபத்தைப் பாவமாகச் சொல்லிவிட்டு வருகிறாள். அமெரிக்க இறையியலாளர் வேலரி செய்விங் 1960இல் எழுதிய கட்டுரையில் இதன் வேரைத் தொட்டார். பாவம் என்றால் அகந்தை, தன்னை முன்னிறுத்துவது என்ற வரையறை ஆண்களின் அனுபவத்திலிருந்து வந்தது. பெண்கள் விழுவது அந்தப் பக்கம் அல்ல, தன்னையே இல்லாமல் ஆக்கிக்கொள்ளும் பக்கம் என்றார். அப்படிப்பட்டவளிடம் போய் ‘உன்னைத் தாழ்த்து’ என்று போதிப்பது நோய்க்கு நோயையே மருந்தாகக் கொடுப்பது.

தமிழ் படித்தவள் என்ற முறையில் மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ‘பொறு’ என்ற சொல்லுக்குக் காத்திரு, தாங்கிக்கொள், மன்னி என்று மூன்று பொருளும் உண்டு. இயேசு கற்பித்த செபத்தின் பழைய கத்தோலிக்கத் தமிழில் மன்னித்தலுக்குப் ‘பொறுத்தல்’ என்றே இருக்கும். கடவுளைப் பொறுத்தருளச் சொல்லும்போது அது மன்னிப்பு. பெண்ணைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும்போது அது அடியைத் தாங்குவது. ஒரு சொல்லின் இரண்டு பொருளுக்கு நடுவே எத்தனை பெண்களின் ஆயுள் கழிந்திருக்கிறது!

சீர்திருத்தச் சபையாரின் பைபிளில் அதே செபத்தில் ‘கடன்’ என்று வரும். எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது. கடனைத் தள்ளுபடி செய்ய, கொடுத்தவருக்குத்தான் உரிமை. ஊர்ப் பெரியவருக்கு இல்லை, கடன்காரனுக்கு வேண்டியவருக்கும் இல்லை. கடவுள் தனக்குச் சேர வேண்டியதை மன்னிக்கட்டும். எனக்குச் சேர வேண்டியது என் கணக்கில் இருக்கிறது.

எனவே, மன்னிப்பைப் போதிக்கும் அருட்தந்தையருக்கும் போதகர்களுக்கும் சொல்கிறேன். அடித்தவன் வந்து உங்கள்முன் அழுதால், அவளிடம் போய்ச் சொன்னாயா, என்ன ஈடு செய்தாய் என்று கேளுங்கள். அடிபட்டவள் வந்து அழுதால் வசனம் சொல்லாதீர்கள், அவளுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி அவள் பாதுகாப்பு ஆணை கோரலாம், அதே வீட்டில் வசிக்கும் உரிமை கோரலாம், இழப்பீடு கோரலாம் என்று சொல்லுங்கள். எண்ணாகமம் பேசிய ஈடு இன்று நீதிமன்றத்திலாவது கிடைக்கட்டும்.

தோழிகளே, நீங்கள் மன்னிக்க விரும்பினால் மன்னியுங்கள். அது உங்கள் பெருமை. மன்னிக்க மனம் வராவிட்டால் அதை ஒரு பாவமாக எண்ணி வரிசையில் போய் முழங்காலிடாதீர்கள். மன்னித்த பிறகும் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகாமல் இருக்கலாம். வழக்கையும் திரும்பப் பெறாமல் இருக்கலாம். அப்படிச் செய்யக் கூடாது என்று எந்த வசனமும் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.