கருவி சொல்வதும் சொல்லாததும்

மனிதனுக்குப் பிறப்பிலேயே உரிமைகள் உண்டென்பதை விஞ்ஞானம் நிரூபிக்குமா எனப் படித்த இளைஞர்கள் வினவுகின்றனர். விடை தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை.

நம் குமாரபாளையம் சேலம் மாவட்டத்தில் இருந்த காலம் அது. பெண் சிசுக்கொலை மலிந்திருந்த அம்மாவட்டத்தில்தான் 1992-ஆம் ஆண்டு தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பெற்றது. வளர்க்க மனமில்லாதோர் கொல்லாமல், அரசுத் தொட்டிலில் இட்டுச் செல்லலாம்.

விஞ்ஞானம் என்ன செய்தது? 1905-இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணி வண்டுகளை ஆராய்ந்து, ஆணின் உயிரணுவே பாலைத் தீர்மானிக்கிறது எனக் கண்டார். மனிதருக்கும் அதுவே விதி. (பெண் பெற்ற மருமகளை ஏசும் மாமியார்கள் கவனிக்க!) அதே விஞ்ஞானம் தந்த ஸ்கேன் கருவியோ, கருவிலிருந்த பெண்ணைக் காட்டிக் கொடுத்தது. அறியாமைக் காலத்து அரபியர் பிறந்த மகளைப் புதைத்தனர். கருவி வந்தபின் பிறக்கவே விடவில்லை.

கருவி பொய்யுரைக்கவில்லை. 'இது பெண்' என்றது, அவ்வளவே. வாழட்டும் என்றோ அழியட்டும் என்றோ அது கூறாது. அத்தீர்ப்பு மனிதனுடையது. ஆதலின்தான் கருவின் பாலைக் கண்டு சொல்வதைத் தடுக்க 1994-இல் சட்டம் இயற்றவும், 2003-இல் அதனைக் கடுமையாக்கவும் நேர்ந்தது.

அறிவுத்திறனில் பெண் ஆணுக்கு நிகரென்று ஆய்வுகள் மெய்ப்பித்துள்ளனவே, அது போதாதா என்பீர்கள். போதாது. திறனை அளந்துதான் உரிமை எனில், மூளை வளர்ச்சி குன்றிப் பிறந்த பிள்ளைக்கும், இனித் தறி ஓட்ட இயலாத முதியவருக்கும் எதை அளந்து வழங்குவது?