‘கூடாது’ வேறு, ‘அவசியமில்லை’ வேறு



பள்ளிகள் திறந்துவிட்டன. புதுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டு, பெயர் எழுதி ஒட்டி, பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிவைத்திருப்பீர்கள். அவர்கள் எல்லோருக்கும் நம் வாழ்த்துகள்.

சில மாதங்களாக நமக்கு வரும் கடிதங்களில் ஒரே கேள்வி பல கைகளிலிருந்து வருகிறது. வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் தாய்மார்கள், போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள், வெளிநாட்டு வேலைக்கான ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருப்பவர்கள் எனப் பலரும் எழுதுகிறார்கள். ‘மே’, ‘கேன்’, ‘மஸ்ட்’, ‘ஷல்’, ‘ஷுட்’ ஆகிய ஆங்கிலத் துணைவினைகளை எப்படிப் புரிந்துகொள்வது என்பதுதான் கேள்வி. இந்த இதழில் தொடங்கும் ஆங்கிலப் பகுதிக்கு இதையே முதல் பாடமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஏன் என்று உங்களுக்குச் சொல்லவே இந்தப் பக்கம்.

பள்ளியில் இதை ‘மோடல்ஸ்’ என்று படித்திருப்போம். கோடிட்ட இடத்தை நிரப்பி, மதிப்பெண் வாங்கி, அதோடு மறந்தும் போயிருப்போம். ஆனால் வங்கிக் கடன் பத்திரத்திலும், வாடகை ஒப்பந்தத்திலும், வேலைக்கான நியமனக் கடிதத்திலும், மருத்துவமனையில் கையெழுத்து கேட்கும் படிவத்திலும் இந்தச் சின்னச் சொற்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. எதைச் செய்ய நமக்கு அனுமதி, எது நம் கடமை, எதற்குத் தடை என்று சொல்பவை இவை.

அனுமதியிலிருந்து தொடங்குவோம். நம் பிள்ளைகள் வாயில் முதலில் ஏறும் ஆங்கில வாக்கியங்களில் ஒன்று ‘மே ஐ கமின், மிஸ்?’. ‘வரலாமா?’ என்பதற்கு ‘மே’ மரியாதையான சொல். ‘கேன்’ என்றால் திறமையை மட்டும்தான் குறிக்கும், அனுமதி கேட்க அது உதவாது என்று முன்பு கண்டிப்பாகச் சொல்லித் தந்தார்கள். இன்றைய பேச்சு ஆங்கிலத்தில் அனுமதிக்கு ‘கேன்’ தாராளமாகப் புழங்குகிறது. ஆகவே அதைத் தவறு என்று பிள்ளைகளைத் திருத்த வேண்டியதில்லை. இன்னும் பணிவாகக் கேட்க ‘குட் ஐ’ உண்டு. ஆனால் பதில் சொல்லும்போது ‘யெஸ், யூ கேன்’ என்றுதான் வரும். ‘யெஸ், யூ குட்’ என்று வராது. நேற்று ஒருநாள் மட்டும் நமக்குக் கிடைத்த அனுமதியைச் சொல்ல ‘குட்’ பொருந்தாது. ‘நேற்று மேனேஜர் என்னைச் சீக்கிரம் போகவிட்டார்’ என்பதை ‘ஐ வாஸ் அலவ்ட் டு லீவ் எர்லி’ என்று சொல்வதே வழக்கம்.

அடுத்தது கடமை. நாம் ‘வேண்டும்’ என்ற ஒரே சொல்லில் பலவற்றை அடக்கிவிடுகிறோம். ஆங்கிலம் அதைப் பிரித்து வைக்கிறது. பேசுபவரே உள்ளூர உணரும் கட்டாயம் ‘மஸ்ட்’. அம்மாவுக்குப் போன் செய்தே ஆகவேண்டும் என்று நமக்கே தோன்றுவது அப்படிப்பட்டது. வெளியிலிருந்து வரும் விதி ‘ஹேவ் டு’. அலுவலகத்தில் அடையாள அட்டை அணிய வேண்டும் என்பது அப்படிப்பட்டது. ‘ஷுட்’ அறிவுரை. ‘மஸ்ட்’டுக்கு இந்தப் பொருளில் இறந்தகாலம் கிடையாது, ‘ஹேட் டு’தான் அந்த இடத்துக்கு வரும். வருங்காலத்துக்கு ‘வில் ஹேவ் டு’. ‘மஸ்ட்’, ‘ஷுட்’, ‘கேன்’ போன்ற துணைவினைகளுக்குப் பின்னால் ‘டு’ வராது என்பதால் ‘மஸ்ட் டு கோ’ தவறு. ‘கேன்’ என்றாலே ‘முடியும்’ என்பதால் நம்மிடையே சகஜமாகிவிட்ட ‘கேன் ஏபிள் டு’வும் தவறு.

இதில் தொனியும் இருக்கிறது. ‘எனக்கு நீங்கள் விடுப்பு தரவேண்டும்’ என்று தமிழில் பணிவாகவே எழுதலாம். அதையே ‘யூ ஷுட் கிவ் மீ லீவ்’ என்று மேலதிகாரிக்கு மெயிலில் எழுதினால், உத்தரவு போடுவதுபோல் இருக்கும். எழுதியவர் மனத்தில் இருந்த பணிவு அந்த ஒரு சொல்லில் காணாமல் போய்விடும். ‘குட் யூ ப்ளீஸ்’ என்று தொடங்கினால் அந்தப் பணிவு அப்படியே போய்ச் சேரும்.

எல்லாவற்றிலும் அதிகம் தடுமாறும் இடம் மூன்றாவதான தடை. ‘மஸ்ட் நாட்’ என்றால் செய்யக் கூடாது. ‘டோன்ட் ஹேவ் டு’ என்றால் செய்ய வேண்டிய அவசியமில்லை, விரும்பினால் செய்யலாம். ‘மஸ்ட்’டும் ‘ஹேவ் டு’வும் கடமையைச் சொல்லும்போது அக்கம்பக்கத்தில் நிற்கின்றன. எதிர்மறையாக்கினால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. இதில் நம்மவர்கள் குழம்புவதற்குக் காரணம் உண்டு. ‘நாளைக்கு நீங்க வரவேண்டாம்’ என்று நாம் சொன்னால், வராதீர்கள் என்றும் எடுத்துக்கொள்ளலாம், சிரமப்பட்டு வர அவசியமில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். எது என்பதைக் குரலும் முகமும் காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தில் குரலும் இல்லை, முகமும் இல்லை. சக ஊழியருக்கு உதவியாக, ‘நாளை மீட்டிங்குக்கு நீங்கள் வரவேண்டியதில்லை’ என்று நினைத்துக்கொண்டு ‘யூ மஸ்ட் நாட் கம்’ என்று அனுப்பினால், அவர் தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்றே நினைப்பார்.

‘கூடாது’வுக்கும் ‘அவசியமில்லை’க்கும் இடையில் உள்ள இந்த வித்தியாசம் சட்டத்தில் எவ்வளவு பெரியது என்பதற்கு, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அதன் 6-ஆம் பிரிவு, தகவல் கேட்டு விண்ணப்பிப்பவர் எதற்காகக் கேட்கிறேன் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை என்கிறது. தொடர்புகொள்ளத் தேவையான விவரங்களைத் தாண்டி, சொந்த விவரம் எதையும் தரவேண்டியதில்லை என்றும் சொல்கிறது. அதனால், ‘எதுக்குங்க உங்களுக்கு இது?’ என்று அலுவலகத்தில் யார் கேட்டாலும், பதில் சொல்வதும் சொல்லாததும் விண்ணப்பித்தவரின் விருப்பம். 7-ஆம் பிரிவில் வருவது அலுவலகத்தின் கடமை. தகவலை 30 நாட்களுக்குள் தரவேண்டும், அல்லது சட்டத்தில் உள்ள காரணத்தைக் காட்டி மறுக்கவேண்டும். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலுக்குக் கெடு 48 மணி நேரம். இங்கே இருக்கும் ஆங்கிலச் சொல் ‘ஷல்’.

பிறகு 8-ஆம் பிரிவு. எந்தெந்தத் தகவல்களுக்கு விலக்கு உண்டு என்று பட்டியல் போடும் பிரிவு இது. விலக்கு என்றதும் ‘கொடுக்கவே கூடாது’ என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பிரிவின் முதல் வரியைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். தரவேண்டிய கட்டாயம் இல்லை என்றுதான் அது தொடங்குகிறது. அதே பிரிவின் 2-ஆம் உட்பிரிவு, தகவலை வெளியிடுவதால் வரும் பொதுநன்மை, அதனால் நேரும் தீங்கைவிடப் பெரிதாக இருந்தால் பொது அதிகார அமைப்பு அதைத் தரலாம் என்கிறது. அங்கே உள்ள சொல் ‘மே’. விலக்கு என்று சொன்ன பிறகும் சட்டம் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. இந்த இரண்டு வரிகளைப் படித்துவைத்திருப்பவர், ‘சட்டத்துல இடமில்லைங்க’ என்ற ஒரே பதிலோடு திரும்பி வரமாட்டார். பொதுநன்மையை எடுத்துச் சொல்லி மேல்முறையீடு செய்வார்.

‘ஷல்’லுக்கும் ‘மே’க்கும் உள்ள வேறுபாட்டை நம் அரசியலமைப்பிலும் பார்க்கலாம். 2002-இல் 86-ஆவது திருத்தத்தின் வழியே சேர்க்கப்பட்ட 21-ஏ பிரிவு, 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாய இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. ஒரே வாக்கியத்தில் ‘ஷல்’லும் ‘மே’யும் வருகின்றன. கல்வி கொடுத்தே ஆகவேண்டும் என்பதற்கு ‘ஷல்’. எந்த முறையில் என்பதை அரசு சட்டம் இயற்றித் தீர்மானிக்கலாம் என்பதற்கு ‘மே’. வழிமுறையில் அரசுக்குச் சுதந்திரம் உண்டு, கொடுப்பதா வேண்டாமா என்பதில் இல்லை. அந்த வழிமுறையை வகுக்கும் சட்டம் 2009-இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

சட்டத்தில் ‘ஷல்’ என்று இருந்தாலே எப்போதும் கட்டாயம் என்றும் சொல்லிவிட முடியாது. 1957-இல் உத்தரப் பிரதேச அரசுக்கும் மன்போதன் லால் ஸ்ரீவாஸ்தவாவுக்கும் இடையிலான வழக்கில், அரசுப் பணியாளர் மீதான ஒழுங்கு நடவடிக்கையில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்ற அரசியலமைப்பின் 320-ஆம் பிரிவின் விதிமுறையை உச்ச நீதிமன்றம் ஆராய்ந்தது. அங்கே ‘ஷல்’ இருந்தும், கலந்தாலோசிக்கவில்லை என்பதாலேயே நடவடிக்கை செல்லாததாகிவிடாது என்று தீர்ப்பளித்தது. இப்படிப் பொருள் மாறிமாறி வருவதால்தான் உலகின் பல இடங்களில் ‘ஷல்’லைக் கைவிட்டுவருகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் 1996-ஆம் ஆண்டு அரசியலமைப்பு கடமையைச் சொல்ல ‘மஸ்ட்’டைத் தேர்ந்தெடுத்தது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதிகளை 2007-இல் எளிய நடையில் திருத்தி எழுதியபோதும் ‘ஷல்’லை எடுத்துவிட்டார்கள். சாதாரண மக்கள் படித்துப் புரிந்துகொள்ளும் சட்டமே நல்ல சட்டம் என்று நம்புகிற எனக்கு இது மகிழ்ச்சி தரும் மாற்றம்.

பிரிட்டனில் 1931-இல் முதலில் வெளியான ‘ஹைவே கோட்’ என்னும் சாலை விதிப் புத்தகம் கட்டாயத்தையும் அறிவுரையையும் அழகாகப் பிரித்துக் காட்டுகிறது. மீறினால் குற்றம் என்ற விதிகளில் ‘மஸ்ட்’, ‘மஸ்ட் நாட்’ என்பவை பெரிய எழுத்துகளில் இருக்கும். ‘ஷுட்’ என்று இருந்தால் அது அறிவுரை. அதைப் பின்பற்றாததற்காக மட்டும் வழக்கு வராது; ஆனால் விபத்து நடந்து நீதிமன்றம் போனால், அதைப் பின்பற்றவில்லை என்பதைச் சான்றாக எடுத்துக்காட்டலாம். கணினித் துறையில் இருக்கும் வாசகர்களுக்கு 1997-இல் ஸ்காட் பிராட்னர் எழுதிய ‘ஆர்.எஃப்.சி. 2119’ நினைவுக்கு வரும். இணையத் தொழில்நுட்ப விதிகளில் ‘மஸ்ட்’, ‘ஷுட்’, ‘மே’ ஆகியவற்றுக்கு என்ன பொருள் என்று வரையறுப்பதற்காகவே எழுதப்பட்ட சிறிய ஆவணம் அது. இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கே இந்தத் தெளிவு தேவைப்படுகிறது. கையெழுத்துப் போடும் மனிதருக்கு எவ்வளவு தேவை!

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் இருக்கும் ஏதாவது ஓர் ஆங்கில ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஷல்’ வரும் இடமெல்லாம் ஒரு நிறத்திலும், ‘மே’ வரும் இடமெல்லாம் இன்னொரு நிறத்திலும் கோடு போடுங்கள். ‘ஷல்’ யார் பக்கம் இருக்கிறது, ‘மே’ யார் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். கடன் வாங்கியவர் பக்கம் ‘ஷல்’லும், கடன் கொடுத்தவர் பக்கம் ‘மே’யும் நிறைந்திருந்தால், யார் கட்டுப்பட்டவர், யாருக்குச் சுதந்திரம் அதிகம் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு இடங்களை மிகக் கவனமாகப் படிக்கவேண்டும். தங்குமிடம் ‘ஷல் பி ப்ரொவைடட்’ என்று இருந்தால், தரவேண்டியது முதலாளியின் பொறுப்பு. ‘மே பி ப்ரொவைடட்’ என்று இருந்தால், கிடைத்தாலும் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். வாடகைக்கான பணத்தை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதேபோல், கூடுதல் நேரம் வேலை செய்ய ‘மே பி ரெக்வயர்ட்’ என்று இருந்தால், ‘மே’தானே, நம் விருப்பம்தானே என்று விட்டுவிடாதீர்கள். அங்கே ‘மே’ முதலாளிக்கு. அவர் சொல்லிவிட்டால் உங்களுக்கு அது கடமையாகிவிடும். ஊதியம் எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. இந்தப் பாடத்தைக் கோடிட்ட இடங்களோடு நிறுத்திவிடாதீர்கள். வகுப்பறைக்கோ வீட்டுக்கோ தேவையான விதிகளைப் பிள்ளைகளையே ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். செய்யலாம், செய்யவேண்டும், செய்யக் கூடாது என்று மூன்று பத்தி போடுங்கள். நான்காவதாக, செய்ய அவசியமில்லை என்றும் ஒரு பத்தி கட்டாயம் இருக்கட்டும். தட்டைக் கழுவி வைக்கவேண்டும், சாப்பிடும்போது போனைத் தொடக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் எழுந்திருக்க அவசியமில்லை என்று அவர்களே எழுதும்போது இலக்கணம் தானாக மனத்தில் நிற்கும். எல்லாமே கட்டளையும் தடையுமாக இல்லை, தங்கள் விருப்பத்துக்கு விடப்பட்டவையும் உண்டு என்பதும் அவர்களுக்குப் புரியும்.

எது கடமை, எது உரிமை, எது தடை, எது தன் விருப்பம் என்று தானே படித்துத் தெரிந்துகொள்பவரை எளிதில் யாரும் ஏமாற்ற முடியாது. உங்கள் ஒப்பந்தங்களிலும் படிவங்களிலும் புரியாத வரிகள் இருந்தால், பெயர், எண் போன்ற விவரங்களை மறைத்துவிட்டு, அந்த வரியை மட்டும் நமக்கு எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் ஒவ்வொன்றாக எடுத்து விளக்குவோம்.

அன்புடன்,
ஆசிரியர்